முதல் மூன்று புட்டிகள்

ஒயின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் திராட்சை மதுவுக்குப் பகைவர்கள் பலர். பீப்பாயின் இடுக்கு வழியே புகும் காற்று அதைக் காடியாக்கிவிடும். கப்பலின் அடித்தட்டில் தேங்கும் வெப்பம் அதை வேகவைத்துக் கெடுத்துவிடும். ஆண்டுகள் அளவுக்கு மிஞ்சி ஏறினால் நிறமும் மணமும் கழன்று வெறும் புளிப்பே எஞ்சும். இந்தப் பகைவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றும் பொருட்டே பிரெஞ்சு தேசத்தார் குளிர்ந்த நிலவறைகளைக் குடைந்து, பீப்பாய்களை விளிம்பு வரை நிரப்பி, தக்கை காய்ந்துவிடாமல் புட்டிகளைப் படுக்க வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு வந்திருக்க, ஐபீரியத் தீபகற்பத்தின் இரண்டொரு மூலைகளிலும் அட்லாண்டிக் சமுத்திரத்துச் சிறு தீவொன்றிலும் வாழ்ந்த ஜனங்கள் மாத்திரம் அந்தப் பகைவர்களையே வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து, அவர்களிடம் வேலையும் வாங்கிக்கொண்டார்கள். போர்ட், ஷெர்ரி, மதீரா என்று உலகம் கொண்டாடும் மூவகை ஒயின்களும் இந்த விசித்திரமான உடன்பாட்டின் பலன்களே. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாராயத்தை அளவறிந்து கூட்டி, சாதாரண ஒயினில் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு இருக்கும் ஆல்கஹாலை 15 முதல் 22 பங்கு வரை உயர்த்துவது மூன்றுக்கும் பொதுவான கிரியை. அந்த வலிமையைக் கொடுத்த பிறகுதான் காற்றையும் வெப்பத்தையும் காலத்தையும் எதிரே நிறுத்திவைக்க முடிகிறது.

இவற்றை ருசி பார்க்கப் புதிதாகப் புகுகிறவர் எந்தப் புட்டியை முதலில் வாங்குவது என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முதல் அறிமுகம் பிசகியதால் இந்த ஒயின்களை ஆயுள் முழுவதும் ஒதுக்கிவைத்துவிட்டவர்கள் ஏராளம். ஒரு சாரார், தித்திப்பே புதியவருக்கு உகந்தது என்று தீர்மானித்து, மலிவான ரூபி போர்ட்டையோ, பாகாக வழியும் கிரீம் ஷெர்ரியையோ கையில் கொடுத்து, இந்த ஜாதி முழுவதும் வெறும் இனிப்புச் சரக்கு என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆணியடித்தாற்போல் பதியும்படி செய்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், எடுத்த எடுப்பில் சிகரத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆர்வ மிகுதியால், பெயர் பெற்ற ஒரு வின்டேஜ் போர்ட்டை, அது பக்குவமடைவதற்கு இருபது வருஷம் முன்னதாகவே திறந்துவிட்டு, அதன் கரடுமுரடான துவர்ப்பைக் கண்டு விருந்தாளி முகம் சுளிக்கும்போது அவருடைய ரசனையைக் குறை சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், முதல் புட்டி என்று ஒன்றைத் தேடுவதே சரியல்ல. மூன்று வேண்டும். அந்த மூன்றும், மேலே சொன்ன பகைவர் ஒவ்வொருவரும் எப்படிச் சிநேகிதரானார் என்பதை நாக்குக்குத் தனித்தனியே புலப்படுத்த வேண்டும். விலையும் புகழும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கவை. 375 மில்லி லிட்டர் கொள்ளும் பாதிப் புட்டிகள் கிடைக்குமானால், செலவைக் கருதித் தயங்கவும் காரணமில்லை.

முதலாவதாக நான் சிபாரிசு செய்வது பத்து வருஷத்து டானி போர்ட். போர்ச்சுகலின் வடபகுதியில், ஸ்பெயினில் பிறந்து மேற்கு நோக்கி ஓடிவரும் டோரு நதியின் இரு கரைகளிலும், ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறையை உடைத்துப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்களில் இதற்குரிய திராட்சை விளைகிறது. கோடை வெயில் அங்கே கடுமை. மண் என்று சொல்லத்தக்கது சொற்பம். பாறையின் பிளவுகளுக்குள் வேர் ஆழ இறங்கித்தான் நீரைத் தேடிக்கொள்ள வேண்டும். 1703-ஆம் வருஷத்து மெத்துவன் உடன்படிக்கையின்படி இங்கிலாந்தில் போர்ச்சுகீசிய ஒயினுக்கு விதித்த சுங்கவரி பிரெஞ்சு ஒயினுக்கு விதித்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தபடியால், லண்டனுக்கும் போர்ட்டோ நகருக்கும் இடையே வியாபாரம் பெருகியது. வியாபாரம் பெருகவே கலப்படமும் பெருகி, நிறம் ஏற்றுவதற்காக எல்டர் என்னும் செடியின் கரும்பழச் சாற்றைக் கலக்கும் புரட்டு வழக்கமாயிற்று. அக்காலத்தில் போர்ச்சுகலின் சர்வாதிகாரியைப் போல் விளங்கிய பொம்பால் பிரபு, 1756-ல் போர்ட்டுக்கு உரிய நிலம் இன்னது என்று எல்லை வகுத்து, கருங்கல் தூண்கள் நாட்டி, அந்த எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கியெறியும்படி கட்டளையிட்டார். ஓர் ஒயினுக்காக ராஜாங்கம் எல்லைக்கல் நாட்டிய மிகப் பழைய உதாரணங்களுள் இது ஒன்று.

போர்ட் செய்யும் முறையில் உள்ள சூட்சுமம் எல்லாம் ஒரு தருணத்தை அறிவதில் இருக்கிறது. கருங்கல் தொட்டியில் காலால் மிதித்த பழச்சாறு பொங்கிப் புளித்துக்கொண்டிருக்கும்போது, அதன் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாக மாறிய வேளை பார்த்து, 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் என்ற கணக்கில், 77 பங்கு வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் கொட்டுகிறார்கள். நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் அந்தக் கணமே மடிகிறது. உண்ணாமல் அது விட்டுப்போன சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே போர்ட்டின் தித்திப்பு வெளியிலிருந்து சேர்த்ததன்று; பழத்திலேயே மிஞ்சியது.

இந்தச் சாராயக் கலப்பை எல்லாரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. டோரு நதியின் போக்கைத் துல்லியமாக அளந்து படம் வரைந்த ஜோசப் ஜேம்ஸ் பாரஸ்டர் என்ற ஆங்கில வியாபாரி, நல்ல ஒயினுக்குச் சாராயம் வேண்டியதேயில்லை என்று 1844-ல் ஒரு சிறு பிரசுரம் எழுதி வெளியிட்டு, சக வியாபாரிகளின் கோபத்துக்கு ஆளானார். போர்ச்சுகீசிய அரசு அவருக்குப் பாரன் பட்டம் அளித்தது. வியாபாரிகளோ தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1861-ல், தாம் படம் வரைந்த அதே நதியின் வலெய்ரா என்ற நீரோட்ட முடக்கில் படகு கவிழ்ந்து அவர் மாண்டார். அதே படகில் இருந்தவர் தோனா அந்தோனியா பெரெய்ரா என்ற சீமாட்டி. டோரு பிரதேசத்தின் மிகப் பெரிய தோட்டச் சொந்தக்காரி. அவருடைய அகன்ற பாவாடை காற்றை அடக்கி மிதந்ததால் அவர் கரை சேர்ந்தார் என்றும், இடுப்பில் கட்டியிருந்த பணப்பையின் பாரமே பாரஸ்டரை இழுத்து ஆழ்த்திற்று என்றும் கதை சொல்வார்கள். பாரஸ்டரின் வாதத்துக்கும் நியாயம் உண்டு என்பதை, சாராயம் கூட்டாத டோரு ஒயின்கள் இன்று பெற்றிருக்கும் மதிப்பு காட்டுகிறது. ஆயினும் அவருடைய கட்சி ஜெயித்திருந்தால் டானி போர்ட் என்ற அற்புதம் பிறந்திராது என்பதால், அவர் தோற்றதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ரூபி போர்ட்டைப் பெரிய மரத்தொட்டிகளில் இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்து, பழத்தின் செம்மை மாறாமல் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். டானியோ சிறு பீப்பாய்களில் கிடந்து, மரத்தின் நுண்ணிய துவாரங்கள் வழியே வருஷக்கணக்காகக் காற்றைச் சுவாசிக்கிறது. சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்து, செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகி, விளிம்பில் பொன் கோடு காட்டுகிறது. பழவாசனை அடங்கி, வறுத்த வாதுமையும் உலர்ந்த அத்தியும் ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு பரிமளம் எழுகிறது. புட்டியின் மேல் போட்டிருக்கும் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்ற எண்கள் பல வயதுப் பீப்பாய்களைக் கலந்து எட்டிய ஒரு தன்மையைக் குறிப்பவை. அந்தத் தன்மை வந்திருக்கிறதா என்பதை அந்நாட்டுப் போர்ட் ஒயின் நிறுவனத்தின் ருசி பார்ப்போர் குழு சோதித்து அனுமதி கொடுக்கிறது. இருபது வருஷத்து டானி இன்னும் நுட்பமானது என்பது உண்மை. ஆனால் பத்தில் பழமும் இருக்கிறது, காற்றின் வேலையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதுவே மேல். வண்டல் கிடையாது, வடிகட்ட வேண்டாம், சற்றே குளிர வைத்தால் போதும், திறந்த பிறகும் சில வாரங்கள் கெடாது.

இரண்டாவது புட்டி மன்ஸனியா என்ற ஷெர்ரி வகை. இங்கேதான் புதியவருக்குப் பரீட்சை. ஏனென்றால் இதில் தித்திப்பு என்பது பெயருக்கும் இல்லை. ஸ்பெயினின் தென்கோடியில், ஹெரெஸ், எல் புவேர்த்தோ தெ சாந்தா மரியா, சான்லூகார் தெ பாராமேதா என்ற மூன்று ஊர்களும் சேர்ந்த ஒரு முக்கோணம் உண்டு. அங்கே அல்பரீசா என்று பேர்பெற்ற, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில், பலோமினோ என்ற பச்சைத் திராட்சை விளைகிறது. அதைத் தனியே ஒயினாக்கிப் பருகினால் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை. அத்தனை சாதுவான பழம். சர்க்கரை முழுதும் புளித்து அடங்கிய பிறகு அதற்குச் சாராயம் கூட்டி, வலிமையை 15 பங்குக்குச் சற்று மேலே நிறுத்தி, கறுப்பு வர்ணம் பூசிய ஓக் பீப்பாயில் ஆறில் ஐந்து பங்கு மட்டும் நிரப்பி, மேலே வேண்டுமென்றே வெற்றிடம் விடுகிறார்கள். அந்த இடத்தில், ஒயினின் மேற்பரப்பு முழுவதையும் மூடிக்கொண்டு, சுருக்கம் விழுந்த வெண்மையான ஆடை ஒன்று படர்கிறது. ப்ளோர் என்று அழைக்கப்படும் ஈஸ்ட் அது. காற்று ஒயினைத் தொடாதபடி தடுப்பதும் அதுவே. ஒயினில் உள்ள கிளிசரினையும் ஆல்கஹாலில் ஒரு பகுதியையும் உண்டு, அதை எலும்பும் தோலுமாக உலர்த்திவிடுவதும் அதுவே. வலிமையை 17 பங்குக்கு மேல் ஏற்றினால் இந்த ஆடை மடிந்துவிடும். அப்போது காற்று நேரே இறங்கி, ஒயின் மகாகனி நிறமுள்ள ஒலொரோசோவாக மாறும். ஒரே பழம், ஒரே மண், இரண்டு பங்கு சாராயத்து வித்தியாசம். அதனால் இரண்டு முற்றிலும் வேறான ஒயின்கள். ஆடைக்கடியில் சில வருஷம் வாழ்ந்து, பிறகு ஆடையை இழந்து காற்றோடு பழகிய அமொன்டிலாடோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான் மிகவும் விரும்புவது அதைத்தான். ஆனாலும் முதலில் அதைக் கொடுத்தால் அதன் சரித்திரத்தில் பாதி விளங்காது.

ஷெர்ரியில் வருஷப் பெயர் பெரும்பாலும் கிடையாது. பீப்பாய்களை வயது வாரியாக வரிசைப்படுத்தி, மிகப் பழைய வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் புட்டிக்கு எடுத்து, அந்தக் குறையை அடுத்த இளைய வரிசையிலிருந்து நிரப்பி, அதை அதற்கும் இளையதிலிருந்து நிரப்பி, கடைசியில் புது ஒயினைச் சேர்க்கிறார்கள். எந்தப் பீப்பாயும் ஒருபோதும் காலியாவதில்லை. நம் வீடுகளில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றி, மாமியார் காலத்து மோரின் மணத்தைப் பேத்தி காலம் வரை கொண்டுவந்துவிடுகிறோம் அல்லவா, அந்தச் சாமர்த்தியமே சொலேரா என்ற இந்த ஏற்பாட்டிலும் இருக்கிறது. முன்னோர் பீப்பாயில் விட்டுவைத்த ஒயினில் சில துளிகளாவது இன்று வாங்கும் புட்டியில் இருக்கத்தான் வேண்டும்.

ஃபீனோ என்ற ஹெரெஸ் நகரத்து வகையை விட்டு மன்ஸனியாவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் சான்லூகாரின் காற்று. குவாதல்கிவீர் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அந்த ஊர் இருப்பதால், ஈரக்காற்று ஓயாது வீச, ஈஸ்ட் ஆடை அங்கே வருஷம் முழுவதும் தடித்துச் செழிப்பாக இருக்கிறது. கோயில் மண்டபங்களைப்போல் உயர்ந்த, பொதேகா என்ற ஒயின் கிடங்குகள். மேலே சிறு ஜன்னல்கள். தரை வெறும் மணல், வெப்ப காலத்தில் அதன்மேல் தண்ணீர் தெளித்து ஈரம் காக்கிறார்கள். அந்த ஒயினை முகர்ந்தால் புதிதாய்ப் பிசைந்த மாவும், பச்சை ஆப்பிளும், உப்புக்காற்றும்; பருகினால் நாக்கில் ஒரு மெல்லிய கசப்பு. முதல் மடக்கில் ஏமாற்றமாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. வெறும் வயிற்றில், வெறும் ஒயினாக அதை மதிப்பிடவே கூடாது. உப்பிட்ட வாதுமையோ, ஊறவைத்த ஆலிவ் காயோ, எல்லாவற்றிலும் மேலாக எண்ணெயில் பொரித்த மீனோ அருகில் இருக்கவேண்டும். மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலியோடு நன்றாகக் குளிர்ந்த மன்ஸனியாவை அருந்தி, அதன் பிறகும் ஷெர்ரி பிடிக்கவில்லை என்று சொல்பவரை நான் மேற்கொண்டு வற்புறுத்துவதில்லை. ஓர் எச்சரிக்கை: இந்த ஒயினுக்கு முதுமை ஆகாது. கடையில் வெயில் படும் தட்டில் வருஷக்கணக்காகத் தூசி படிந்து நிற்கும் புட்டியை மரியாதையோடு அங்கேயே விட்டுவிட வேண்டும். அடைத்த தேதியைக் கேட்டு, இளையதை வாங்கி, திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது உத்தமம். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் பால்ஸ்டாப் வாய்விட்டுப் புகழ்வதும், 1587-ல் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கிய டிரேக் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பீப்பாய் பீப்பாயாகக் கொள்ளைகொண்டு போனதும் இந்தப் பிரதேசத்து ஒயினைத்தான். எனினும் அவர்கள் காலத்துச் சரக்கு இன்றைய மன்ஸனியாவைப்போல் இத்தனை இலேசானதல்ல என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

காற்றை டானியிலும், காற்றுக்குக் குடைபிடித்த ஈஸ்டை மன்ஸனியாவிலும் கண்டபின் எஞ்சியிருப்பது வெப்பம். அதற்கு மதீராத் தீவுக்குப் போகவேண்டும். செங்குத்தான எரிமலைத் தீவு. மலைமேலிருந்து லெவாதா என்ற கால்வாய்கள் வழியே தண்ணீர் இறங்கி, சரிவில் கட்டிய சிறு சிறு படிவயல்களை நனைக்கிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்ட கப்பல்கள் புன்ஷால் துறையில் தங்கி ஒயின் ஏற்றிக்கொள்வது வழக்கம். பூமத்திய ரேகையைக் கடந்து, மாதக்கணக்கில் கப்பலின் வயிற்றில் வெந்து குலுங்கிய பீப்பாய்களைத் திறந்து பார்த்தபோது, ஒயின் கெடாதது மட்டுமல்ல, புறப்பட்டபோது இருந்ததைவிட மேலானதாக மாறியிருந்தது. பிறகு வியாபாரிகள், விற்பதற்காக அல்லாமல் வேகவைப்பதற்காகவே பீப்பாய்களை இந்தியா வரை அனுப்பித் திரும்ப வரவழைத்து, அப்படிப் பிரயாணம் செய்த ஒயினுக்குத் தனி விலை வைத்தார்கள். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் மேஜைக்கு மேஜை மதீராவை வைத்திருந்ததற்கும் இதுவே காரணம். நம்முடைய வெயிலுக்குச் சளைக்காத ஒயின் அந்நாளில் வேறு ஏது? கோரமண்டலக் கரையின் உஷ்ணம் ஓர் ஐரோப்பிய ஒயினின் குணத்தை உருவாக்கியதில் பங்கு பெற்றது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிறிது கர்வமாகக்கூட இருக்கிறது.

இப்போது கப்பல் பிரயாணம் இல்லை. மலிவான வகைகளைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் வைக்கிறார்கள். உயர்ந்தவற்றை, புன்ஷால் நகரத்து மச்சுகளில், கூரையின் வெப்பத்திலேயே வருஷக்கணக்காகப் பீப்பாயில் கிடக்க விடுகிறார்கள். இரண்டாவது முறையில் வந்ததையே வாங்கவேண்டும். பத்து வருஷம் என்று எழுதி, செர்சியால், வெர்தேலோ, போவால், மால்வசியா என்ற நான்கு திராட்சைகளில் ஒன்றின் பெயர் போட்டிருந்தால் பெரும்பாலும் பழுதிராது. நான்கும் இந்த வரிசையில் வறட்சியிலிருந்து தித்திப்புக்குப் போகின்றன. புதியவருக்கு நடுவில் நிற்கும் வெர்தேலோவைக் கொடுப்பேன். கருகும் தறுவாயில் இறக்கிய சர்க்கரை, புகை, ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக வாயில் தோன்றி, இவ்வளவு தித்திப்பும் தெவிட்டிவிடுமோ என்று நினைக்கும் அந்தக் கணத்தில், கத்தி முனையைப்போன்ற ஒரு புளிப்பு குறுக்கே பாய்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகிறது. மதீராவின் பெருமை அந்தப் புளிப்பில்தான். காற்றையும் வெப்பத்தையும் ஏற்கெனவே அனுபவித்துத் தீர்த்துவிட்டபடியால், திறந்த புட்டியை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் அதற்கு மேலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. அவசரமில்லாமல் சிறுகச் சிறுகப் பழக விரும்புகிறவர் மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், வேறு யோசனை வேண்டாம், இதையே வாங்கலாம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சிசிலியின் மார்சாலா, 1773-ல் வுட்ஹவுஸ் என்ற ஆங்கிலேயன் தொடங்கிவைத்த வியாபாரம்; நெல்சனின் கடற்படை அருந்திய பெருமை அதற்கு உண்டு; இன்று அதில் பெரும்பகுதி சமையலறைக்குப் போகிறது. வெயிலில் உலர்த்திய பழத்திலிருந்து வரும் பெத்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி கறுத்துக் குழம்பாக இருக்கும். வனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றினால் தேவாமிர்தம், கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டாம் மடக்குக்கே சலிப்பு. கோவாவில் போர்ட் ஒயின் என்ற பெயரில் மலிவாக விற்கும் தித்திப்புச் சிவப்பு மதுவுக்கும் டோரு நதிக்கும் பெயரைத் தவிரச் சம்பந்தமில்லை.

அருந்தும் விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது: இவற்றுக்கென்று விரற்கடை அளவான சிறு கிண்ணங்களை எடுத்து, விளிம்பு வழிய ஊற்றுவது. மூக்கு நுழையாத கிண்ணத்தில் வாசனை எப்படி எழும்? சாதாரண வெள்ளை ஒயின் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றிக்கொண்டால் போதும். வலிமை அதிகமான சரக்கு ஆதலால் அளவு தானாகவே குறைந்தும் நிற்கும். மூன்றையும் ஒரே மாலையில் திறப்பதானால் மன்ஸனியா உணவுக்கு முன், மதீரா உணவை ஒட்டி, டானி இறுதியில். தித்தித்த நாக்கில் வறண்ட ஒயின் விழுந்தால் காடியாகத் தோன்றும். ஆதலால் இந்த வரிசையை மட்டும் புரட்டிவிடக் கூடாது.

இம்மூன்றும் பழகிய பிறகு நான்காவதாக, ஒரே வருஷத்து அறுவடையிலிருந்து எடுத்து, நான்கு முதல் ஆறு வருஷம் வரை மரத்தில் வைத்து அடைத்த லேட் பாட்டில்ட் வின்டேஜ் என்ற போர்ட்டை வாங்கலாம். வடிகட்டாமல் அடைத்தது என்று எழுதியிருக்கும் புட்டியானால் இன்னும் நல்லது. வின்டேஜ் போர்ட்டின் முகச்சாயலை அதில் குறைந்த விலைக்குப் பார்த்துவிடலாம். அசல் வின்டேஜ், தயாரிப்பாளர்கள் மிகச் சிறந்தது என்று அறிவிக்கும் வருஷங்களில் மட்டும், ஏறக்குறையப் பத்தாண்டுக்கு மூன்று முறை பிறப்பது. இரண்டு மூன்று வருஷத்திலேயே புட்டிக்குள் போய், காற்றைக் காணாமல் இருளில் கிடந்து, தன் துவர்ப்பைத் தானே தின்று தீர்க்க இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்வது. ஆங்கிலேயக் கனவான்கள் ஞானப்பிள்ளை பிறந்த வருஷத்து வின்டேஜைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கி வைத்து, அவன் மேஜரானதும் திறப்பது அந்நாளைய வழக்கம். திறப்பதற்கு முன் ஒரு நாள் புட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். அடியில் படிந்த வண்டல் கலங்காமல், கழுத்துக்குப் பின்னே விளக்கை ஏற்றிப் பார்த்துக்கொண்டே மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். மாற்றியதை இரண்டொரு நாளில் முடித்துவிடவும் வேண்டும். தனி மனிதர் ஒருவரால் ஆகிற காரியமல்ல அது. ஆகையால் அந்தப் புட்டியை விலை பேசுவதற்கு முன்பே, அன்றைக்கு அழைக்க வேண்டிய நண்பர்கள் ஐந்தாறு பேர் யார் என்பதை முடிவு செய்துகொள்வது நலம்.